‘கண்ணை மட்டும் விட்டுட்டு’ என்று இனிச் சொல்ல மாட்டோம்

நெல்லைச் சீமையின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண். பிளஸ் டூ வரை படித்தவள். மூத்தவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், இளையவன் எட்டாம் வகுப்பு. அவன் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். அந்தக் கூட்டங்களில் கையெழுத்துப் போட நேரம் இருக்கிறது, பேசத்தான் நேரம் கிடைப்பதில்லை. எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் எழுதினால் அது புகார் மனுவாகப் போய்விடும். மானூர், களக்காடு, நாங்குநேரி, ராதாபுரம் என்று எந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் தாய்மார் பேச்சு இதிலேயே வந்து நிற்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கூட்டங்களில் நான் கேட்பது இரண்டே பேச்சுத்தான். உங்கள் பக்கத்திலிருந்து: “எங்க கையைக் கட்டிப் போட்டாச்சு. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, பெயிலாக்கக் கூடாது. பெறவு பய எப்படிப் பேச்சைக் கேப்பான்?” எங்கள் பக்கத்திலிருந்து: “நீங்க ரெண்டு போடுங்க சார், நாங்க ஏன்னு கேக்க மாட்டோம். கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க.” இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு டீ குடித்துக் கலைகிறோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

இந்தப் பேச்சில் எங்கள் பங்கை நாங்கள் விடுகிறோம். ‘தோலை உரிங்க’ என்று இனிச் சொல்வதில்லை என்று எங்கள் தெருவில் சில தாய்மார் பேசி முடிவெடுத்திருக்கிறோம். உங்கள் அதிகாரத்தைக் குறைக்க எடுத்த முடிவு இல்லை இது. எங்கள் பிள்ளைகள் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற ஆசை உங்களைவிட எங்களுக்கு அதிகம். எதனால் கேட்பார்கள் என்பதில்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பிரம்பைப் பேசி முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, அடிக்கும் உரிமையை 2003-இலேயே எடுத்துவிட்டார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடம்பை அடிப்பதையும் மனதை வதைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. இன்றைக்கு 40 வயதுக்குக் கீழே இருக்கிற ஆசிரியர் யாரும் சட்டப்படி பிரம்பு பிடித்து வேலை பார்த்ததே இல்லை. ஆனாலும் பிரம்பு போனதோடு மரியாதை போச்சு என்று அதிகமாகச் சொல்வது இளைய ஆசிரியர்கள்தான். தாங்கள் மாணவராக இருந்தபோது வாங்கியதைச் சொல்கிறார்களோ என்னவோ.

அந்த அடியும் எல்லோர் முதுகிலும் ஒன்றுபோல விழுந்ததில்லை. ஊரில் கை ஓங்கிய வீட்டுப் பிள்ளையின் தகப்பனார் ‘தோலை உரிங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொல்வது கூலிக்குப் போகிறவர்களும் எங்களைப் போலப் பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும்தான். கேட்க ஆள் இல்லாத பிள்ளை மேல்தான் பிரம்பு தாராளமாக விளையாடியது என்பது உங்களில் வயதானவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் இருபது வயதுப் பயல்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அவர் கையில் குச்சியை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்து வரும் வழியில் எங்கள் திண்ணையோரம் நின்று, “எம்மா, ஒம்மவனுக்குக் கழித்தல்ல கடன் வாங்கத் தெரியல, மத்ததெல்லாம் போடுதான். நாளைக்கு ஒரு கால் மணி நேரம் முன்னால அனுப்பு” என்பார். அவ்வளவுதான் பேச்சு. ‘படிக்க மாட்டேங்கான்’ என்று ஒரு நாளும் மொட்டையாகச் சொன்னதில்லை. தன்னிடம் என்ன இல்லை என்பது இந்த டீச்சருக்குத் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. பயம், மரியாதை, பிரியம் எல்லாம் அதிலேதான் இருந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பெற்றோரை முறையாகச் சந்தித்து அதைச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. அடிக்கக் கூடாது என்கிற பிரிவைத்தான் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

பிரம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், சாதியைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. நம் பக்கத்தில் ஆசிரியரின் சொல் எங்கே செல்லாமல் போகிறது என்று கேட்டால், சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிற்றில் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடன் படிப்பவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்த பட்டியலினப் பையன் ஒருவன், பள்ளியில் கூப்பிட்டுக் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் நாம் என்னென்னவோ பேசினோம். எங்கள் தெருப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: சாரிடம் சொன்னால் ராத்திரி வீட்டுக்கு வருவான்.

ஆசிரியர் அதிகாரம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை. அது இல்லாத இடத்தில் பிரம்பு இருந்தும் பயன் இல்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி வகுப்பறைக்குள்ளேயே எட்டாம் வகுப்புப் பையன் உடன் படிப்பவனை அரிவாளால் வெட்டினான். குறுக்கே போன ஆசிரியருக்கும் வெட்டு விழுந்தது. அவர் குறுக்கே போனார் என்பதைப் படித்தபோது கை கூப்பத் தோன்றியது. ஆனால் புத்தகப் பைக்குள் அரிவாள் வருகிற அளவுக்கு ஒரு பகை வளர்கிறது என்றால், அது பெரியவர்கள் காதில் விழாமல் வளர்ந்ததா, விழுந்தும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லையா? ஒவ்வொரு பள்ளியிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு போட்டது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி என்று எதன் மூலமும் பிள்ளைகள் சாதியைக் காட்டக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், ஒரு பகுதியில் எண்ணிக்கையில் கூடிய சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது, பெரிய பள்ளிகளில் பிள்ளைகளின் குறை கேட்க நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆசிரியர்களின் சாதியைப் பற்றி ஒரு நீதிபதி எழுத வேண்டி வந்ததே என்று உங்களில் சிலருக்கு வருத்தம். நியாயம்தான். ஆனால் ஆறாம் வகுப்புக்கு வந்து ஒரு மாதம் ஆகாத பயல், எந்த சார் ‘நம்ம ஆளு’ என்று வீட்டில் வந்து சொல்கிறான். அவனுக்கு யார் சொன்னது? புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் “நீ எந்தத் தெரு?” என்று கேட்கிறீர்கள். எங்கள் ஊர்களில் அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ள என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்லும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சேரன்மகாதேவி எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததைப் பற்றி 1920-களில் தமிழ்நாடே பேசியது. நூறு வருடம் ஆகிறது. பந்தி ஒன்றாகிவிட்டது, சத்துணவுத் தட்டை எல்லோரும் ஒரே குழாயடியில்தான் கழுவுகிறார்கள். ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், சார்.

கயிற்றைக் கட்டிவிடுவது நீங்கள் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோயில் கொடைக்குக் கட்டியது, சாமி கயிறு என்று சொல்லி வீட்டில்தான் கட்டிவிடுகிறோம். அவிழ்க்கச் சொன்ன ஆசிரியரைத் தேடிப் பத்துப் பேர் பைக்கில் வந்தால் அதில் தகப்பன்மார் இருக்கிறார்கள். ஒரு அதட்டல் போட்டாலே கைபேசியில் படம் பிடித்து நாலு குரூப்பில் போட்டுவிட்டுத்தான் ஆசிரியரிடம் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-க்குப் போன் போடுகிறவர்களும் உண்டு. பயந்துபோய், ‘நமக்கு எதுக்கு வம்பு, பாடத்தை நடத்திட்டுப் போவோம்’ என்று நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் உங்களை மட்டும் எப்படிக் குறை சொல்ல? அதனால் ஒரு வாக்குத் தருகிறோம். கயிறு, பொட்டு, சாதிப் பாட்டு, சாதிப் பட்டப்பெயர் இவற்றுக்கெல்லாம் பள்ளியில் என்ன விதி என்பதை மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதுவோம். எல்லாத் தெருத் தாய்மாரும் அதில் கையெழுத்துப் போடுவோம். அந்த விதிப்படி நடந்ததற்காக ஓர் ஆசிரியரைத் தேடி யாராவது வந்தால், பதில் சொல்லும் பொறுப்பு கையெழுத்துப் போட்ட எங்களுக்கு. உங்களைத் தனியாக நிற்க விட மாட்டோம்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். மனக்குறை அதிகம் இதில்தான்.

சாயங்காலம் பீடிக் கடையில் நாங்கள் கட்டைக் கொடுத்தால், பிரித்துப் பார்த்துத் தூள் குறைந்ததை ஒடித்து ஒதுக்குவார்கள். அன்றைக்கு என் கை எங்கே பிசகியது என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு இரண்டிலக்கப் பெருக்கல் வராது என்பது அவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகுதான் அவன் அம்மாவுக்குத் தெரிந்தது. எட்டு வருடமும் ‘தேர்ச்சி’ என்றுதான் அட்டை வந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதை நான் குறை சொல்லவில்லை. 5, 8 வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியை மாற்றியபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் தெருவில் பெயிலான பெண் பிள்ளை மறுபடி அதே வகுப்பில் போய் உட்காராது, நேராகச் சுளகுக்கு வந்துவிடும். ஆனால் பெயிலாக்காமல் இருப்பது என்றால் மறைப்பது என்று அர்த்தமா? உங்கள் பிள்ளைக்கு இது வரவில்லை என்று மூன்றாம் வகுப்பில், ஐந்தாம் வகுப்பில் எங்களிடம் சொல்ல எந்தச் சட்டம் தடுக்கிறது?

சொன்னால் ‘நீங்க ஒழுங்கா நடத்தல’ என்று பெற்றோர் கேட்பார்கள் என்கிறீர்கள். கேட்போம். கேட்டால் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலில் பாதி உங்கள் தப்பாக இருக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும். 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டப்படி இரண்டு ஆசிரியர், வகுப்போ ஐந்து. அதில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மீதி ஒருவர். ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணிதமும் நடத்த ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தது இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. கலந்தாய்வில் ஒருவர் மாறிப் போனால் அந்த இடம் எப்போது நிரம்பும் என்பது தலைமையாசிரியருக்கே தெரியாது. இடையில் தற்காலிகமாக ஆள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் குழுவிடமே சொல்கிறார்கள். 2022-இல் அப்படி எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 15,000 ரூபாய். பி.எட். படித்த பெண் அந்தப் பணத்துக்கு வந்து, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறாள். அவளிடம் போய் அதிகாரம், தரம் என்று நான் என்ன பேச?

பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, பயிற்சி, வாக்காளர் பட்டியல் என்று உங்கள் நேரம் போவதையும் பார்க்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இந்த மூன்றையும் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தில் 27-ஆம் பிரிவு இருக்கிறது. அப்படி வேறு வேலை வந்தால் எங்களிடம் சொல்லுங்கள். சங்கம் கேட்டால் சம்பளத்துக்குக் கேட்கிறார்கள் என்பார்கள், பெற்றோர் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்கு வந்து வரிசையில் நிற்க எங்களுக்குப் பழக்கம் உண்டு. முதியோர் பென்ஷனுக்கு நிற்கிற கால் கணக்கு டீச்சருக்கும் நிற்கும்.

இதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் மீதி இருப்பது உங்கள் கையில் உள்ளது. தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லி மாவட்டமே பெருமைப்படுகிறது. எங்களுக்கு அதில் ஒரு தொல்லை என்னவென்றால், ஆசிரியர்கள் வீடும் பெரும்பாலும் அங்கேதான். பள்ளி எங்கோ ராதாபுரம் பக்கம். போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழிகிறவருக்குக் காலை வழிபாட்டுக் கூட்டம் கிடைக்காது, நாலு மணிக்கு மேல் ஒரு பிள்ளையை உட்கார வைக்கவும் முடியாது. ஊருக்குள் குடியிருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மணி அடிக்கும்போது வகுப்பில் இருங்கள் என்று சொல்ல உரிமை இருக்கிறது. வகுப்பில் கைபேசியை எடுத்தால் அது பதிவு வேலையா, வேறு வேலையா என்று பிள்ளைக்குத் தெரியாது. சார் போன் பார்க்கிறார் என்று மட்டும்தான் தெரியும்.

இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாத ஆசிரியர்களில், ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருபது வருடம் பாடம் நடத்தியவரை உட்கார்ந்து பரீட்சை எழுதச் சொன்னால் மனசு என்ன பாடுபடும் என்று புரிகிறது. அந்தப் பரீட்சை எழுதித் தேறினால்தான் நல்ல வாத்தியார் என்று நானும் நினைக்கவில்லை. முன்னே சொன்ன டீச்சர் டெட் என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் பயம் வேறு. பாடவேளையில் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் டெட் கையேட்டைப் படிக்கிற நிலை வந்துவிடக் கூடாது. படிப்பதற்கு விடுப்போ பயிற்சி வகுப்போ வேண்டும் என்று நீங்கள் அரசிடம் கேட்டால் நாங்களும் சேர்ந்து கேட்கிறோம். எங்கள் பிள்ளைகளின் பீரியடிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

(உங்கள் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று கூட்டத்தில் யாராவது கேட்டுவிட்டால் உங்கள் முகம் மாறுகிறது. அரசு ஊழியர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவே போட்டது. கட்டாயப்படுத்திச் சேர்க்கும் பள்ளி நல்ல பள்ளியாகுமா என்று எனக்குச் சந்தேகம்தான், அதனால் நான் கேட்பதில்லை. ஆனால் காலையில் ஊருக்குள் வரும் மஞ்சள் வேனில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்து, ‘டீச்சர் மகளே அதுலதானம்மா போறா’ என்று என் மகன் சொன்னால் அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.)

கடைசியாக, மேலாண்மைக் குழுவைப் பற்றி. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்களை உள்ளே கொண்டுவந்துவிட்டது. வந்த எங்களிடம் கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். பாடத்தைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்மா” என்கிறீர்கள். சுவரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? பிள்ளையைப் பற்றித்தான் தெரியும். எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, போன மாதம் எத்தனை பாடவேளை நடக்காமல் போனது, எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை என்பது ஒரு தாளில் எழுதிக் கூட்டத்துக்கு வரட்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். யார் பிள்ளை என்பதை அந்தந்தத் தாயிடம் தனியே சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் சொன்னால் அவள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டாள்.

கூட்டத்தின் நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கிறீர்கள். பீடிக் கட்டை ஒப்படைத்து மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்குகிற நேரம் அது. அதை விட்டுவிட்டு வந்தால் ஒரு நாள் கூலி போகும், அதனால் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறோம். வாழைத் தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கும் மூன்று மணி சரிப்படாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள், ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. எங்கள் பள்ளியில் நான் கேட்கப்போகும் முதல் கேள்வியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு யார் எடுக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை பாடவேளை? உங்கள் ஊர்ப் பள்ளிகளிலும் இதையே கேட்கச் சொல்லி மானூரிலும் களக்காட்டிலும் உள்ள என் சொந்தக்காரப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.